சேஷன் பிளக்காத விறகு

மாலை ஆறு மணிக்கு லோதி ரோட்டு நடைபாதையில் ஐம்பத்தெட்டு வயது மனிதர் ஒருவர் சட்டென்று நின்று, முன்னும் பின்னும் பார்த்து, ஷூ லேஸ் கட்டுகிறவர்போலக் குனிந்து, கையில் ஒரு வேப்பங்குச்சியோடு நிமிர்ந்தால் அவர் சேஷன் என்று தெரிந்துகொள்ளலாம். அவர் போட்டுக்கொள்வது லேஸ் இல்லாத ஷூ.

சேஷன் மத்திய அரசின் ஓர் அலுவலகத்தில் செக்‌ஷன் ஆபீசர். அலுவலகத்தின் பெயரைச் சொல்லாமல் விடுவது அதற்கும் நல்லது, நமக்கும் நல்லது. என்றோ ஒரு கருத்தரங்கில் கொடுத்த லேப்டாப் பையைத் தோளில் மாட்டியிருப்பார். அதற்குள் லேப்டாப் போய் யாரும் பார்த்ததில்லை. காலையில் தயிர்சாத டப்பா போகும்; மாலையில் டப்பாவோடு சுள்ளி வரும். நாவல், வேம்பு, புங்கம், சில நாள் அதிர்ஷ்டமிருந்தால் காய்ந்த ஷீஷம்.

மாயவரத்திலிருந்து இருபத்தைந்து வயதில் டில்லிக்கு வந்தவர். இந்த முப்பத்துமூன்று வருடத்தில் அவருக்குக் கிடைத்தவை கழுத்து வலி, பிழையில்லாத இந்தி, இரண்டு பதவி உயர்வு, அவரைத் தாண்டிப்போன நான்கு ஜூனியர்கள். அலுவலகத்தில் அவருக்காக யாரும் காத்திருந்ததில்லை. லிஃப்ட்கூட அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கதவை மூடும். ஆனால் டிசம்பர் பிறந்துவிட்டால், காலை ஆறு மணிக்கு, அவருடைய தரைத்தள வீட்டின் பின்வாசலில் ஒன்பது பேர் பக்கெட்டோடு வரிசையில் நின்று காத்திருப்பார்கள்.

காரணம், பின்முற்றத்தில் இருந்த தாமிர பாய்லர். மாமனார் வீட்டுச் சீர். நடுவில் ஒரு குழாய். அதற்குள் சுள்ளியைப் போட்டு எரித்தால், சுற்றியிருக்கும் தண்ணீர் கொதித்து, பக்கத்துப் பித்தளைக் குழாயில் ஆவியோடு இறங்கும். அந்தக் குடியிருப்பில் எல்லா வீட்டிலும் கீஸர் உண்டு. ஆனால் அது முதல் இரண்டு குவளை வரைதான் வெந்நீர் கொடுக்கும். பிறகு தானும் அரசு ஊழியர்தான் என்பது நினைவுக்கு வந்து ஓய்வெடுக்கப் போய்விடும்.

ஆகவே மூன்று மாதத்துக்குச் சேஷன் ராஜா. வரிசையில் யார் முன்னே, யார் பின்னே என்பது அவர் வாய்ச்சொல். முதல் மாடி மல்ஹோத்ரா, இருபது வருடமாகத் தமிழர்கள் நடுவில் குடியிருந்து ஒரு மாதிரியான தமிழ் கற்றுக்கொண்டவர், தினமும் முதல் ஆளாக வருவார்.

"சேஷன் ஜி, ஜல்தி ஒரு பால்டி. எனக்கு இன்னிக்கு மீட்டிங் இருக்கு."

"மீட்டிங் எனக்கும்தான் இருக்கு, மல்ஹோத்ரா ஜி. நேத்து நீங்கதானே முதல்? இன்னிக்கு நாலாவது."

மல்ஹோத்ரா தலை குனிந்து நாலாவது இடத்துக்குப் போவார். அவர் சேஷனைவிட இரண்டு கிரேடு மேலே. அந்தக் காட்சிக்காகவே சேஷன் மே மாதத்திலிருந்து குச்சி பொறுக்கினார் என்று சொன்னால் அது மிகையில்லை.

பொறுக்குவதில் அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. தன் மணிக்கட்டைவிட மெல்லியது என்றால் அது குப்பை. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். மணிக்கட்டைவிடத் தடித்தது என்றால் அது அரசாங்கச் சொத்து, தொடக்கூடாது. இந்தச் சட்டம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. எந்தத் தோட்டக்கார மாலியும் கேள்விப்பட்டதில்லை. மே மாதப் புழுதிப்புயலில் முழு மரமே சாய்ந்து கிடந்தாலும், சேஷன் அதன் கிளை ஒவ்வொன்றோடும் தன் மணிக்கட்டை வைத்துப் பார்த்து, நுனிக் குச்சிகளை மட்டும் முறித்துக்கொண்டு, அடிமரத்துக்கு ஒரு மரியாதைப் பார்வையை வைத்துவிட்டு வருவார். முட்டியில் வைத்து முறிப்பதுதான் அவருக்குத் தெரிந்த விறகு வேலை.

முறித்ததை முற்றத்து மூலையில் குவித்து, அலுவலகத்தில் இந்தி வார விழா முடிந்ததும் கழற்றி வீசிய பெரிய பிளாஸ்டிக் பேனரால் மேலும் கீழுமாகச் சுற்றிக் கட்டி வைப்பார். மழையும் பனியும் உள்ளே போகாது. உள்ளே இருக்கும் ஈரமும் வெளியே போகாது. அதனால் அவருடைய பாய்லர் எரியத் தொடங்கும்போது முதலில் புகைதான் வரும், அப்புறம் இருமல், அதன்பின் வெந்நீர். பதினோரு குளிர்காலம் யாரும் இதைக் குறையாகச் சொன்னதில்லை. சொல்லுவதற்கு வேறொரு வெந்நீரைப் பார்த்திருக்க வேண்டுமே.

போன செப்டம்பரில் எதிர் பிளாக் தரைத்தளத்துக்குக் கல்யாணராமன் வந்தார். நாற்பத்திரண்டு வயது, சென்னையிலிருந்து மாற்றல். வந்த வாரமே மரியாதைக்காகச் சேஷன் வீட்டுக்கு வந்து, காபி குடித்து, முற்றத்தைப் பார்த்தார். பாய்லரைத் தடவிப் பார்த்து, "அண்ணா, என்ன பொருள் இது! பொக்கிஷம்!" என்றார். சேஷனுக்கு அவரைப் பிடித்துப்போனது. அந்தப் பிரியம் சுமார் ஒன்றரை நிமிடம் நீடித்தது.

"விறகைப் பிளந்து வைக்கறதில்லையாண்ணா?"

"குச்சியைப் போய் யாராவது பிளப்பாளா?"

"கட்டையே எடுக்க மாட்டீங்களா? அங்க ரவுண்டானா பக்கம் நல்ல ஷீஷம் கட்டை கிடக்குதே."

"மணிக்கட்டு தாண்டினா அது கவர்மென்ட் ப்ராப்பர்ட்டி."

"யார் சொன்னா?"

"யாராவது சொல்லணுமா? இத்தனை வருஷ சர்வீஸ்ல இதுகூடவா எனக்குத் தெரியாது?"

கல்யாணராமன் சிரித்தார். கெட்ட சிரிப்பில்லை. அதுதான் தொல்லை. அந்த மனிதரிடம் கெட்டதாக எதையுமே கண்டுபிடிக்க முடியவில்லை. சேஷன் மூன்று மாதம் தேடினார்.

நவம்பரில் தோட்டத்துறை ஆட்கள் மரக்கிளை கழிக்க வந்தார்கள். கல்யாணராமன் நேரே மாலியிடம் போய், தரையில் கிடந்த கட்டையைக் காட்டி, "மாலி ஜி, யே பேட் மர் கயா?" என்றார். மரம் செத்துப்போச்சா என்று ஒரு மனிதன் இவ்வளவு துக்கமாக விசாரித்து மாலி கேட்டதில்லை. அவர் விழுந்து விழுந்து சிரித்தார். இருவரும் அங்கேயே உட்கார்ந்து டீ குடித்தார்கள். அரைமணி கழித்து மாலியே கைவண்டியில் ஆறு கட்டையை ஏற்றி வந்து எதிர் பிளாக்கில் இறக்கினார். தொடையளவு கட்டைகள். போகிறபோது கல்யாணராமனின் முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

சேஷன் ஜன்னல் வலைக்குப் பின்னால் செய்தித்தாளோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இலக்கணச் சுத்தமான இந்தியில் அந்த மாலிக்கு அவர் பதினோரு வருடமாக நமஸ்தே சொல்லி வருகிறார். அந்த ஆள் ஒரு குச்சியையாவது இவர் கையில் கொடுத்ததுண்டா?

ஞாயிற்றுக்கிழமை பிளப்பு வைபவம். கல்யாணராமனின் மாமா ஒருவர் சென்னையில் கல்யாணச் சமையல் கான்ட்ராக்டராம். பள்ளி விடுமுறைகளில் மண்டபத்துப் பின்கட்டில் விறகு பிளந்து பழக்கமாம். ஒரு அடிக்கட்டையைத் தரையில் போட்டு, அதன்மேல் பிளக்கவேண்டிய கட்டையை நிறுத்திவைத்து, உடனே வெட்டாமல் சுற்றி வந்து அதன் தலையைப் பார்த்தார். காய்ந்த கட்டையின் தலையில் நடுவிலிருந்து ஓரத்துக்கு மெல்லிய வெடிப்புகள் ஓடும். கணு இல்லாத பக்கத்து வெடிப்பைத் தேர்ந்து, கோடாலியை அதிகம் ஓங்காமல், அது தன் பாரத்தாலேயே இறங்கும்படி விட்டார். கட்டை இரண்டாக விலகியது. உள்ளே தேன் நிறம். மல்ஹோத்ரா பால்கனியிலிருந்து "வாஹ்!" என்றார். யூகலிப்டஸ் கட்டை வந்தபோது மட்டும் நடுவில் தொடாமல் ஓரம் ஓரமாகச் சீவினார். அது முறுக்கிக்கொண்டு வளர்ந்த மரம், நடுவில் வெட்டினால் கோடாலியைக் கவ்விக்கொள்ளும் என்று வேடிக்கை பார்த்தவர்களுக்கு விளக்கமும் சொன்னார். பிளந்ததைச் செங்கல் மேல் இடைவெளி விட்டு அடுக்கி, தலைக்கு மட்டும் ஒரு தகரம் வைத்தார். பக்கமெல்லாம் காற்றுக்குத் திறந்து கிடந்தது. அந்த அடுக்கைப் பார்த்தால் நூலகம்போல இருந்தது. சேஷனின் குவியலோ காக்கை கட்டி முடிக்காமல் விட்ட கூடு.

அடுத்த வாரம் பழைய இரும்புக்கடைக்காரரிடம் ஓர் ஓட்டை ஹமாம், அதாவது வடநாட்டு வெந்நீர் பாய்லர், வாங்கி, ஓட்டையை அடைத்து, அவரும் வெந்நீர் போட்டார். பத்து நிமிடத்தில் கொதித்தது. புகை ஒரு கோடு, அவ்வளவுதான்.

வயிறு எரிந்தது சேஷனுக்கு. அவருடைய விறகைவிட நன்றாகவே எரிந்தது.

ஒன்பது பேர் வரிசை ஏழானது. மல்ஹோத்ரா முதலில் போனார். தோள்பட்டை வலி, எதிர் பிளாக் தூரம் குறைவு என்றார். உண்மையில் எட்டு அடி அதிகம். சேஷன் காலால் அளந்து பார்த்துவிட்டார். அடுத்து இரண்டாம் மாடி வத்சலா. பொள்ளாச்சிக்காரர், பக்கத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியை. அவர் ஒளிந்து போகிறவர் இல்லை.

"ஏனுங் சார், தப்பா நினைச்சுக்காதீங்க. உங்க தண்ணியில குளிச்சுட்டு கிளாஸுக்குப் போனா பசங்க, 'மிஸ், எங்கியாச்சும் தீப்பிடிச்சுதா'ன்னு கேக்கறாங்க."

"பதினோரு வருஷமா கேக்கலியே!"

"பதினோரு வருஷமா கேட்டுட்டுத்தானுங் இருக்காங்க. நான்தான் சொல்லலை."

சேஷன் அன்றைக்குத் தன் சட்டத்தைத் தானே மீறினார். அலுவலகத்திலிருந்து வரும் வழியில், மணிக்கட்டைப்போல் மூன்று மடங்கு தடித்த கட்டை ஒன்றைத் தூக்கி வந்தார். நல்ல கட்டை என்று அவருக்குத் தோன்றியது, யூகலிப்டஸ். கோடாலி இல்லாததால் தேங்காய் உடைக்கும் அரிவாளை எடுத்துக்கொண்டு, யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து நடுமண்டையில் ஒரே போடு போட்டார். கட்டை அரிவாளைக் கவ்விக்கொண்டது. ஆட்டினார், மிதித்தார், கெஞ்சினார். கடைசியில் கட்டையை அரிவாளோடு பேனருக்கு அடியில் ஒளித்துவைத்தார். மனைவி ஜலஜா நான்கு நாள் அரிவாளைத் தேடினாள். தேங்காய் இல்லாத அவியலைச் சேஷன் ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டார்.

டிசம்பர் இரண்டாவது வாரத்தில் ஒரு காலை, வரிசையில் மூன்று பேர் மட்டும் மிஞ்சியிருந்தபோது, சேஷன் எட்டி எதிர் பிளாக்கைப் பார்த்தார். அங்கே பதினோரு பேர். அதில் ஆறாவது ஆளின் காலடியில் ஒரு பச்சை பக்கெட். கைப்பிடி உடைந்து செப்புக்கம்பியால் முறுக்கிக் கட்டிய பச்சை பக்கெட். அந்த முறுக்கு அவர் கையால் போட்டது. பக்கெட்டுக்குப் பின்னால், அவர் வாங்கிக்கொடுத்த சால்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு, அவர் மனைவி.

அவர் ஒன்றும் கேட்கவில்லை. குளிக்காமல் அலுவலகம் போனார்.

அங்கே அவர் கணினியில் ஒரு கோப்பு காத்திருந்தது. அதைப் பற்றி இப்போது சொல்லத்தான் வேண்டும். ஒவ்வொரு டிசம்பர் முதல் வாரத்திலும் அந்தக் கோப்பு அவர் மேஜைக்கு வரும்: அரசுக் குடியிருப்புகளில் விறகு, சுள்ளி, இலை எதையும் எரிக்கக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கையின் வரைவு. அதில் நியாயம் இல்லாமலில்லை. டில்லியின் டிசம்பர் காற்றை மூக்கால் இழுக்க முடியாது, கடித்துத்தான் தின்ன வேண்டும். ஆனால் சுற்றறிக்கை வெளியானால் பாய்லர் போச்சு. பாய்லர் போனால் வரிசை போச்சு. எனவே சேஷன் ஒவ்வொரு வருடமும் அந்த வரைவில் ஒரு சந்தேகம் கிளப்புவார். 'விறகு' என்பதில் மூங்கில் அடங்குமா? அந்தக் கேள்வி வேறொரு துறைக்குப் போய், அங்கிருந்து இன்னொரு துறைக்குப் போய், ஜனவரி நடுவில் பதில் வரும். உடனே அடுத்தது: மூடிய கலத்துக்குள் எரிவது 'திறந்த வெளியில் எரித்தல்' ஆகுமா? அதற்குப் பதில் வரும்போது பிப்ரவரி முடிந்து வெயில் ஏறியிருக்கும். 'பருவம் கடந்துவிட்டதால் அடுத்த ஆண்டு பரிசீலிக்கலாம்' என்று எழுதி மூடிவிடுவார். பதினோரு வருடம். பதினோரு குளிர்காலம். அந்தக் குடியிருப்பின் ஒவ்வொரு பக்கெட் வெந்நீருக்கும் அடியில் எரிந்தது வேப்பங்குச்சி அல்ல, சேஷனின் சந்தேகம். இது யாருக்கும் தெரியாது. ஜலஜாவுக்கும்.

இந்த வருடத்துச் சந்தேகம் தயாராகவே இருந்தது: சாம்பிராணிக்கு விலக்கு உண்டா? போன வாரமே தட்டச்சு செய்து வைத்திருந்தார். அனுப்புவதுதான் பாக்கி.

சேஷன் திரையைப் பார்த்தார். திரையில் பச்சை பக்கெட் தெரிந்தது. சாம்பிராணியை அழித்தார். 'சந்தேகம் ஏதுமில்லை, உடனே வெளியிடலாம்' என்று எழுதி, பதினொன்றரை மணிக்கு மேலே அனுப்பினார். அவருடைய பாய்லரும் அணைந்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். அணையட்டும். எதிர் பிளாக் இருட்டாக இருந்தால் தன் வீட்டு இருட்டில் அவரால் சௌகரியமாக உட்கார முடியும்.

டெபுடி செக்ரட்டரி அகல்யா மேடம் இன்டர்காமில் கூப்பிட்டார். "சேஷன், உடம்பு சரிதானே?"

"நல்லா இருக்கேன், மேடம். ஏன்?"

"ஒரே வாரத்துல கிளியர் பண்ணியிருக்கீங்க. ஐ ஆம் இம்ப்ரெஸ்ட்."

முப்பத்துமூன்று வருடத்தில் அவருக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது.

மூன்றாம் நாள் ஒவ்வொரு மாடிப்படி அருகிலும் சுற்றறிக்கை ஒட்டப்பட்டது. நான்காம் நாள் குளிர் ஐந்து டிகிரி. குளியலறைகளிலிருந்து கிளம்பிய பஞ்சாபி, தமிழ், வங்காள ஓலங்களைக் கேட்டுக்கொண்டே சேஷன் காபி குடித்தார். காபி அன்று விசேஷமாக இருந்தது. தானும் பச்சைத் தண்ணீரில்தான் குளித்தார். ஒவ்வொரு குவளையை ஊற்றும்போதும் 'இது கல்யாணராமனுக்கும்தான்' என்று நினைத்துக்கொண்டார். அதில் ஒரு கதகதப்பு இருந்தது.

கல்யாணராமன் வாடவில்லை. அரைநாள் லீவு போட்டு, குடியிருப்புக்காரர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்குப் போய் நின்றார். சேஷனும் கையெழுத்துப் போட்டார், போடாமல் எப்படி? என்ன பேசினாரோ, எத்தனை பேரைத் தன் இந்தியால் சிரிக்கவைத்தாரோ, கையிருப்பு விறகைத் தீர்த்துக்கொள்ள இரண்டு வார அவகாசம் என்று ஒரு காகிதத்தோடு திரும்பி வந்தார்.

இரண்டு வாரம்தான். ஆனால் சுதந்திரமே கிடைத்ததுபோல ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் கூட்டம் போட்டார்கள். பன்னிரண்டு மணி வெயில், புல்லில் பாய், நடுவில் வறுத்த வேர்க்கடலைக் குவியல். வத்சலா ஒரு பொன்னாடையே வாங்கி வந்துவிட்டார். குடியிருப்பில் மூத்தவர் கையால் போர்த்தவேண்டும் என்று அதைச் சேஷன் கையில் கொடுத்தார்கள்.

"போடுங்க, சேஷன் ஜி," என்றார் மல்ஹோத்ரா. "நம்ம பாய்லர் காப்பாத்தின ஹீரோ!"

"அட, நான் என்னங்க பண்ணினேன்," என்று கல்யாணராமன் கழுத்தை நீட்டினார். நிஜமாகவே கூச்சப்பட்டார்.

"இதைப் போய் யாருங் செய்வாங்க?" என்றார் வத்சலா. "நாமெல்லாம் இத்தனை வருஷமா இங்கதான் இருக்கோம். பாய்லருக்காக ஒருத்தராச்சும் ஒரு ஆபீஸ் படி ஏறியிருக்கோமா? சொல்லுங்க சார், ஏறியிருக்கோமா?"

கேள்வி சேஷனைப் பார்த்துக் கேட்கப்பட்டது. பொன்னாடை அவர் கையில் விரிந்து நின்றது. ஜலஜா எதிரில் உட்கார்ந்து கடலையை உரித்து, தோலை ஊதி, கல்யாணராமனைப் பார்த்துச் சந்தோஷமாகத் தலையாட்டினாள். அந்த ஒரு தலையாட்டல் போதுமானதாக இருந்தது.

"ரெண்டு வாரம்!" என்றார் சேஷன். குரல் அவருக்கே புதிதாக இருந்தது. "ரெண்டே ரெண்டு வாரம் வாங்கிண்டு வந்ததுக்குப் பொன்னாடை! பதினோரு வருஷம் வாங்கிக் கொடுத்தவனுக்கு ஒரு பூ உண்டா? இந்த ஃபைல் வருஷா வருஷம் வரது, தெரியுமா உங்களுக்கு? யார் டேபிளுக்கு வரது? என் டேபிளுக்கு! மூங்கில் அடங்குமான்னு கேட்டவன் யாரு? நான்! மூடின பாத்திரமா திறந்த பாத்திரமான்னு கேட்டவன் யாரு? நான்! நான் நிறுத்தி வெச்சேன், நீங்கள்ளாம் குளிச்சேள்! இவர் படி ஏறினாராம். நான் அந்தப் படியிலேயே பதினோரு வருஷம் உக்காந்திருந்தேன்!"

ஒருவரும் கடலை உரிக்கவில்லை. ஒரு கணம் எல்லா முகத்திலும், சேஷன் வாழ்நாள் முழுதும் தேடிய அந்த வியப்பு இருந்தது. அவர் அதைக் கண்ணாரப் பார்த்தார். அவர் நியாயமாகச் சம்பாதித்ததுதான் அது.

மல்ஹோத்ராவுக்குத் தமிழ் புரிய மற்றவர்களைவிட அரை நிமிடம் கூடத் தேவைப்படும். அந்த அரை நிமிடம் முடிந்தது.

"ஏக் மினிட், சேஷன் ஜி. பதினோரு வருஷம் நீங்க நிறுத்தினது. அச்சா. பஹுத் அச்சா." விரலால் காற்றில் ஒரு கோடு போட்டார். "இந்த வருஷம்?"

சேஷன் பொன்னாடையைப் பார்த்தார்.

"இந்த வருஷம் என்ன ஆச்சு?" என்று மல்ஹோத்ரா மறுபடி, கெட்ட எண்ணம் ஏதுமில்லாமல், கணக்குச் சரிவராதவர்போலக் கேட்டார்.

"கோப்புகளில் தாமதம் கூடாதுன்னு மேலிடத்து உத்தரவு," என்றார் சேஷன்.

இந்த வாக்கியத்தை அந்தப் பாயில் இருந்த ஒவ்வொருவரும் தங்கள் அலுவலகத்தில் நூறு முறையாவது சொல்லியிருப்பார்கள். அதனால் அதற்கு என்ன அர்த்தம் என்பது எல்லோருக்கும் தெரியும். வத்சலா மெல்ல எதிர் பிளாக்கின் விறகு அடுக்கைப் பார்த்தார். பிறகு சேஷன் வீட்டு மூலையில் பேனர் சுற்றிய குவியலைப் பார்த்தார். பிறகு எதையும் பார்க்கவில்லை. ஜலஜாவின் காதுமடல் சிவந்தது.

கல்யாணராமன்தான் எழுந்தார். சேஷன் கையிலிருந்த பொன்னாடையை மெதுவாக வாங்கி, அவர் தோளிலேயே போர்த்தினார்.

"இது உங்களுக்குத்தான் அண்ணா. பதினோரு வருஷம்! எனக்கெல்லாம் அந்தப் பொறுமை வராது." உண்மையாகவே சொன்னார். கண்ணில் ஒரு கிண்டல் பொறிகூட இல்லை. சேஷன் தேடிப் பார்த்தார்.

வீட்டுக்குள் வந்ததும் ஜலஜா கதவைச் சாத்தினாள்.

"நான் அங்க பக்கெட் எடுத்துண்டு போனேன்னுதானே?"

சேஷன் தோளிலிருந்த பொன்னாடையை எடுத்து மடிக்கத் தொடங்கினார்.

"ஏன் போனேன்னு கேக்கலியே நீங்க? பதினோரு வருஷமா ஊருக்கெல்லாம் முதல், நாலாவது, அஞ்சாவதுன்னு நம்பர் கொடுத்தேள். எனக்கு என்ன நம்பர் கொடுத்தேள்? ஆத்து மனுஷா கடைசியில எடுத்துக்கணும்னேள். கடைசிப் பக்கெட் என்னிக்காவது சுட்டிருக்கா? பாய்லர் இருக்கற ஆத்துல நான் ஒருத்திதான் வெதுவெதுப்புல குளிச்சேன். முட்டி வலின்னு ஒரு நாள் அங்க போய் நின்னேன். ஆறாவதா நின்னேன். கொதிக்கக் கொதிக்கக் கொடுத்தார். யார் மனைவின்னுகூடக் கேக்கலை."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா ஒரு கேள்வி எழுதி எங்கேயாவது அனுப்பியிருப்பேள்."

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குச் சேஷன் பின்வாசலைத் திறந்தார். யாரும் இருக்கமாட்டார்கள் என்று நினைத்துத்தான் திறந்தார். பதினான்கு பேர் நின்றார்கள். மல்ஹோத்ரா முதலில்.

"குட் மார்னிங் சேஷன் ஜி! எனக்கு எத்தனாவது நம்பர் கொடுத்தாலும் ஓகே."

வத்சலா பக்கெட்டோடு ஒரு கட்டு காய்ந்த குச்சியும் கொண்டுவந்திருந்தார். எல்லாம் மணிக்கட்டுக்குக் கீழே. "வர்ற வழியில கிடந்ததுங் சார்," என்றார். மாடிவீட்டு வங்காளி ஒருவர் ஒரு டப்பா சந்தேஷ் இனிப்பு. அவர்கள் கோபித்துக்கொண்டு விலகியிருந்தால் சேஷன் தாங்கியிருப்பார். அவர்கள் அரசு ஊழியர்கள்; ஞாயிறு மதியம் முழுக்க யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். சுற்றறிக்கை இந்தக் குளிர்காலத்துக்கு மட்டும்தான்; அடுத்த டிசம்பரிலும் அந்தக் கோப்பு வரும். அடுத்த டிசம்பரிலும் அந்த மேஜையில் சேஷன்தான் இருப்பார். ஓய்வுபெற இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது.

அவர் தீ மூட்டினார். புகை எழுந்தது. பதினான்கு பேரும் இருமிக்கொண்டே புன்னகைத்தார்கள். யாரும் புகையைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. தண்ணீர் சுடுவதற்கு முப்பத்தைந்து நிமிடம் ஆனது. "அவசரமே இல்லை சார்" என்று நான்கு மொழியில் கேட்டது. ஜலஜா மட்டும் உள்ளே கேஸ் அடுப்பில் ஒரு குண்டானில் தனக்கு மட்டும் தண்ணீர் வைத்துக்கொண்டாள். குண்டான் மூடியை அவள் வைத்த சத்தம் வரிசையின் கடைசி வரை கேட்டது.

அவருடைய வரலாற்றிலேயே மிக நீளமான வரிசை. சேஷன் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். எல்லா முகத்திலும் மரியாதை. அலுவலகத்தில் அவரே மேலதிகாரிகளிடம் காட்டுகிற அதே மரியாதை. அது எதனால் செய்யப்பட்டது என்று அவருக்குத் தெரியும்.

எதிர் பிளாக்கிலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம். சேஷன் எட்டிப் பார்த்தார். அங்கே ஹமாமுக்கு முன்னால் ஒரு பக்கெட்கூட இல்லை. வெந்நீர் யாருக்கும் வேண்டாமல் தன்பாட்டுக்குக் கொதித்துக்கொண்டிருந்தது. கல்யாணராமன் பனியில் தனியாக நின்று, ஒரு ஷீஷம் கட்டையின் தலையைச் சுற்றி வந்து வெடிப்பு தேடிக்கொண்டிருந்தார். இரண்டு வாரத்தில் எரிக்க முடியாத விறகை எதற்குப் பிளக்கிறார்? கோடாலி இறங்கியது. கட்டை விலகியது. இரண்டு பாதியையும் கையில் எடுத்து, உள்பக்கத்து நிறத்தை மாறி மாறிப் பார்த்து, முகர்ந்து, ஏதோ ஒரு பாட்டைச் சீட்டியடித்துக்கொண்டே அடுக்கில் வைத்தார். ஆள் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார் என்பது எண்பது அடி தூரத்திலிருந்தே தெரிந்தது.

"சேஷன் ஜி, பால்டி ரொம்பிடுச்சு," என்றார் மல்ஹோத்ரா பணிவாக.

தண்ணீர் பக்கெட்டைத் தாண்டி அவர் காலில் வழிந்தது. சேஷன் குழாயை மூடவில்லை. பார்க்க ஒருவர்கூட இல்லாமல் ஒரு மனிதனால் எப்படி இப்படிச் சீட்டியடிக்க முடிகிறது என்று, கண்ணெல்லாம் புகையாக, பார்த்துக்கொண்டே நின்றார்.